கழுதை பெயர் கேட்டது

விவோசிட்டி மூன்றாம் தளத்தில் செந்தோசா ரயிலுக்காக நிற்கும்போதே அக்கா மகள் கேட்டுவிட்டாள்: "சித்தி, ஷ்ரெக் பேசுவானா, இல்ல சும்மா கையாட்டிட்டு நிப்பானா?"

2019 ஜூன் மாதம். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை. அவளுக்கு ஒன்பது வயது. எனக்குள்ளும் அதே கேள்வி இருந்ததால்தான் நான் அங்கே போனேன் என்று சொல்லலாம். சென்னையில் டப்பிங் பேசுகிறவள் நான். பெரும்பாலும் சின்னப் பையன்களுக்குப் பேசுவேன். அனிமேஷன் படம் வந்தால் அணில், முயல், குட்டி யானை. 'ஷ்ரெக்' படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டது அதைவிட அதிகம்.

செந்தோசா கேளிக்கைப் பூங்காவின் வாசலில் சுழலும் உலக உருண்டை முன்னால் ஒரே கூட்டம். படம் எடுத்துக்கொள்ளக்கூட நிற்காமல் என்னை இழுத்துக்கொண்டு போனாள். நடுவில் ஒரு ஏரி. அதைச் சுற்றி நியூயார்க் தெரு, எகிப்து, டைனோசர் காடு. எல்லாவற்றையும் கடந்து போனால் ஷ்ரெக் படங்களின் 'ஃபார் ஃபார் அவே'. நம் கதைகளில் வருமே, ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு ராஜ்ஜியம், அதேதான். 40 மீட்டர் உயரத்தில் வெளிர் நிறக் கோட்டை, கூம்புக் கூம்பாகக் கோபுரங்கள். பிற்பகல் வெயிலில் நிமிர்ந்து பார்த்தால் கண் கூசியது.

கோட்டைக்கு முன்னால் ஷ்ரெக் நின்றிருந்தான். பச்சை முகம், குழல் மாதிரி காதுகள், தோல் மேலாடை. பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் போய்க் கட்டிக்கொண்டார்கள். எங்கள் முறை வந்தது. அவள் நிமிர்ந்து, "ஹலோ ஷ்ரெக்" என்றாள். அவன் குனிந்து தலையைத் தடவினான், கட்டை விரலை உயர்த்தினான். ஒரு சொல் இல்லை.

"பேசல சித்தி."

அவள் முகம் வாடிப்போனது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. உடல் முழுதாக இருக்கிறது, உயரம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, ஆனால் ஆள் வரவில்லை. ஷ்ரெக் என்று அவள் மனதில் வைத்திருந்தது ஒரு குரலை.

அந்தக் குரல் எளிதாகக் கிடைத்ததல்ல. 1990இல் வில்லியம் ஸ்டைக் எழுதி வரைந்த சின்னப் படக்கதையில்தான் ஷ்ரெக் முதலில் வந்தான். ஸ்டைக் யூதக் குடும்பத்துப் பிள்ளை. இத்திஷ் மொழியில் பயம் என்று பொருள்படும் சொல்லே அந்தப் பெயர். அதைப் படமாக்க டிரீம்வொர்க்ஸ் முடிவு செய்தபோது ஷ்ரெக்காகப் பேச வந்தவர் கிறிஸ் ஃபார்லி. 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் அமெரிக்காவையே சிரிக்க வைத்த பருத்த உடம்புக்காரர். வசனங்களில் 85 சதவீதத்துக்கு மேல் பேசி முடித்திருந்த நிலையில், 1997 டிசம்பர் 18 அன்று இறந்துபோனார். வயது 33.

ஃபார்லி பேசிய ஒரு காட்சி 2015இல் வெளியே வந்தது. அனிமேஷன் ஆகாத, ஒன்றன்பின் ஒன்றாக மாறும் பென்சில் படங்கள்; ஷ்ரெக்கும் கழுதையும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடுராத்திரியில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டேன். அந்த ஷ்ரெக் வேறு ஆள். கோபத்தைவிடக் கூச்சம் அதிகம். வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று நடுவில் நிற்கிறான். இறந்தவரின் மூச்சு அவ்வளவு பக்கத்தில் கேட்டபோது, ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மைக் மையர்ஸ் வந்தார். அதே நிகழ்ச்சியில் ஃபார்லியோடு வேலை செய்தவர். ஃபார்லிக்காக எழுதியதைத் தான் பேச முடியாது, கதையைத் திரும்ப எழுதுங்கள் என்று கேட்டார். எழுதினார்கள். தன் இயல்பான கனடாப் பேச்சிலேயே பேசிக் கொடுத்தார். முன்னோட்டமாகப் போட்டுப் பார்த்தபோது அவருக்கே ஒட்டவில்லை. தயாரிப்பாளர் ஜெஃப்ரி காட்ஸன்பெர்க்கிடம் போய், மறுபடி பேசுகிறேன், ஸ்காட்லாந்துப் பேச்சில் பேசுகிறேன் என்றார். ஏற்கெனவே அசைவு கொடுத்து முடித்த காட்சிகளைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. நாற்பது லட்சம் டாலர் கூடுதலாகச் செலவானதாகச் சொல்வார்கள்.

மையர்ஸ் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தமானது. வில்லன் லார்ட் ஃபார்குவாட் மேல்தட்டு ஆங்கிலம் பேசுகிறான். அவனுக்கு எதிரில் நிற்பவன் உழைக்கிற வர்க்கத்தின் நாக்கோடு நிற்க வேண்டும். இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: சின்ன வயதில் அம்மா கதை சொல்லும்போது எடுத்துக்கொண்ட பேச்சு அது. டொரோண்டோவில் வளர்ந்த பிள்ளைக்கு, லிவர்பூலில் இருந்து வந்த அம்மா, தூங்கவைக்க ஸ்காட்லாந்துக்காரர் மாதிரி பேசிக் கதை சொல்லியிருக்கிறார். சதுப்பு நிலத்தில் தனியாகக் கிடக்கும், யாரையும் கிட்டே சேர்க்காத ஒரு பூதத்துக்குள் அம்மா கதை சொன்ன குரல் இருக்கிறது. அவன் எவ்வளவு கத்தினாலும் குழந்தைகள் ஏன் பயப்படுவதில்லை என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கோட்டைக்குள்ளேதான் 'ஷ்ரெக் 4-டி'. முதலில் நிலவறை மாதிரி ஒரு கூடம். நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். இருட்டு, கல் சுவர், சங்கிலி. பினோக்கியோவையும் மூன்று பன்றிக்குட்டிகளையும் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஜிஞ்சர்பிரெட் மனிதனும் சிறையில். மாயக்கண்ணாடி நடந்த கதையைச் சொல்கிறது. இருநூறு பேருக்கு மேல் நெருக்கியடித்து நிற்கிறோம். குளிரூட்டியின் காற்று பிடரியில் படுகிறது. எல்லோரும் அடுத்த அரங்கின் கதவு எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ அந்தப் பூங்காவிலேயே முக்கியமான இடம் அதுதான். ஏனென்றால் அந்தக் கூடத்தில் பேசியவர்களில், ஃபார்குவாட் தவிர, யாருமே நட்சத்திரம் கிடையாது. பெரும்பாலும் படம் வரைகிறவர்கள்.

நாங்கள் செய்யும் டப்பிங்கில் படம் முதலில் தயாராகிவிடும். அதன் வாய்க்குப் பின்னால் நாங்கள் ஓடுவோம். அவர்கள் வழக்கம் நேர் எதிர். முதலில் குரல், அதன் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடி அனிமேட்டர் புருவத்தைத் தூக்குவார், உதட்டைப் பிரிப்பார். நடிகர் பேசும்போது அவர் முகத்தை வீடியோவிலும் எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் முன்னால் ஒரு கட்டம் உண்டு. கதை ஓவியர்கள் காட்சியைப் பென்சிலில் வரைந்து, வரிசையாக ஓடவிட்டு, காட்சி நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த ஓட்டத்துக்கு வசனம் வேண்டுமே? அலுவலகத்தில் யார் கையில் கிடைக்கிறாரோ அவரே மைக் முன்னால் நின்று பேசிவிடுவார். 'ஸ்க்ராட்ச்' குரல் என்று பெயர். நம் ஊரில் டிராக் பாடுவது மாதிரி: பெரிய பாடகர் வரும்வரை இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் குரல். பெரியவர் வந்ததும் அது அழியும். அழிவதற்காகவே பேசப்படும் குரல் அது.

'ஷ்ரெக்'கில் அப்படிப் பேசிய சிலரின் குரல் அழியவில்லை. ஜிஞ்சர்பிரெட் மனிதனுக்குப் பேசியவர் கான்ராட் வெர்னன், கதை ஓவியர். பினோக்கியோவும் மூன்று பன்றிக்குட்டிகளும் கோடி கேமரன் என்ற ஒரே ஆள். அவரும் கதை ஓவியர். ஜெர்மன் வாடையோடு அந்தப் பன்றிகள் பேசுவதைக் கேட்டால், பினோக்கியோவின் வெடவெடப்பான மூக்குக் குரலும் அதே தொண்டையிலிருந்துதான் வருகிறது என்று நம்ப மாட்டீர்கள். மாயக்கண்ணாடி கிறிஸ் மில்லர், இன்னொரு கதை ஓவியர். பாட்டியின் கவுனைப் போட்டுக்கொண்டு ஷ்ரெக்கின் கட்டிலில் படுத்திருக்கும் ஓநாய்க்குப் பேசியவர் ஏரன் வார்னர், படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர்.

ஜிஞ்சர்பிரெட் மனிதனை ஃபார்குவாட் விசாரிக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். பேக்கிங் தட்டில் மல்லாந்து கிடக்கிறான். காலை ஏற்கெனவே உடைத்துவிட்டார்கள். பாலில் முக்கி முக்கி எடுத்திருக்கிறார்கள். இருமுகிறான். அந்த இருமலைக் கவனியுங்கள்: பால் தொண்டையில் சிக்கிய இருமல் அது. பிஸ்கட்டுக்குத் தொண்டை ஏது என்று கேட்கத் தோன்றுவதில்லை. பிறகு ஆங்கிலக் குழந்தைகள் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு நர்சரிப் பாட்டின் வரிகளையே ரகசிய வாக்குமூலம் போல இருவரும் மெல்லச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒருவர் மேடை நாடகத்தில் ஊறிய, டோனி விருது வாங்கிய ஜான் லித்கோ. இன்னொருவர் பென்சில் பிடிக்கிறவர். இருவரில் யாரும் சிரிப்பு வருவதற்காகப் பேசவில்லை; உயிர் போகிற விஷயமாகவே பேசுகிறார்கள். அதனால்தான் அரங்கமே சிரிக்கிறது.

வரைகிறவரின் குரல் ஏன் இவ்வளவு பொருந்துகிறது? அந்தப் பிஸ்கட்டின் ஒவ்வொரு அசைவையும் கையால் போட்டுப் பார்த்தவருக்கு அது எங்கே மூச்சு வாங்கும் என்று தெரிந்திருக்கிறது. நட்சத்திரம் அந்த அறைக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் பேசிவிட்டுப் போவார். இவர் மாதக்கணக்கில் அதோடு குடித்தனம் நடத்தியவர். 2010இல் வந்த நான்காம் படத்தில் இதே கதை திரும்ப நடந்தது. ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் என்ற முக்கிய வில்லனுக்குத் தற்காலிகமாகப் பேசிக்கொண்டிருந்தவர், கதைப் பிரிவின் தலைவர் வால்ட் டோர்ன். கடைசியில் அவர் குரலே இருந்துவிட்டது. வெர்னன் இரண்டாம் படத்தின் இயக்குநர்களில் ஒருவரானார். மில்லர் மூன்றாம் படத்தை இயக்கினார்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அனிமேஷன் படத்தின் தமிழ் வடிவத்துக்காக ஒரு பறவைக் குஞ்சுக்குப் பேசினேன். மூன்று நாள் வேலை. கூட்டிலிருந்து விழும் இடத்தில் ஒரு சின்ன விக்கல் சேர்த்திருந்தேன். மூலப் படத்தில் அது கிடையாது. அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். படம் வெளியானதும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். குஞ்சு வாயைத் திறந்தது. ஊருக்கே தெரிந்த வேறொருவரின் குரல் வந்தது. மாற்றிவிட்டோம் என்று யாரும் ஒரு போன் செய்து சொல்லியிருக்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார், படம் முடியும்வரை விடவில்லை. அதனால்தான் அந்த இருட்டுக் கூடத்தில், தொங்கிக்கொண்டிருந்த ஒரு பிஸ்கட் பொம்மை பேசியபோது எனக்குக் கண் கலங்கியது. அந்தக் குரலை யாரும் மாற்றவில்லை.

கதவு திறந்தது. கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். 2003இல் எடுத்த குறும்படம். முதல் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் நடுவில் நடக்கும் கதை. ஷ்ரெக்கும் ஃபியோனாவும் தேனிலவு கிளம்புகிறார்கள். செத்துப்போன ஃபார்குவாட் ஆவியாக வந்து ஃபியோனாவைத் தூக்கிப் போகப் பார்க்கிறான். நாற்காலி குலுங்கியது, முகத்தில் தண்ணீர் தெறித்தது, சிலந்திகள் வரும் இடத்தில் காலடியில் குறுகுறுவென்று காற்று. அக்கா மகள் கால்களை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு கத்தினாள்.

நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். படம் இரட்டையாகக் கலங்கித் தெரிந்தது. குரல்கள் மட்டும் தெளிவாக இருந்தன. ஃபார்குவாட் பேசுகிறான். இடுப்பு உயரம்கூட இல்லாத குள்ளன். அவனுக்குப் பேசும் லித்கோ ஆறடி தாண்டிய நெட்டை மனிதர். குள்ளனுக்குக் குள்ளக் குரல் கொடுத்திருந்தால் கதாபாத்திரம் அங்கேயே முடிந்திருக்கும். தன் உயரத்தைத் தானே நம்ப மறுக்கும் ஒருவனின் குரல் அது. ஒவ்வொரு சொல்லையும் மேடை ஏற்றி நிறுத்திவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்கு வருகிறான்.

ஃபியோனா, கேமரன் டியஸ். முதல் படத்தில் சூரியன் மறைந்ததும் அவள் பூதமாக மாறுவாள். உடம்பு பெருக்கும், காது நீளும். குரல் மாறாது. கனமாக்கியிருக்கலாம், கரகரப்பு ஏற்றியிருக்கலாம். நானாக இருந்தால் முதல் டேக்கில் அதைத்தான் முயன்றிருப்பேன், இயக்குநரும் அதையே கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். டியஸ் அதே குரலில் பேசுகிறார். காற்றாலைக்குள் அவளைப் பார்த்துப் பதறும் கழுதையிடம் பேசும்போதும் குரல் அதுவேதான். பெண் அவளேதான், மாறியது தோல் மட்டும் என்று அந்தக் காட்சி வசனத்துக்கு முன்பே குரலால் சொல்லிவிடுகிறது.

இவர்கள் யாரும் ஒரே அறையில் நின்று பேசியவர்கள் இல்லை. மையர்ஸ், கழுதைக்குப் பேசிய எடி மர்ஃபி, டியஸ் மூவரும் தனித்தனியாக, வெவ்வேறு நாட்களில் பேசினார்கள். எதிர் வசனத்தை வேறு யாரோ படித்துக் கொடுப்பார். வழியில் ஷ்ரெக்கும் கழுதையும் வெங்காயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்களே, பூதங்களுக்கும் வெங்காயத்துக்கும் அடுக்கடுக்காகத் தோல் உண்டு என்று ஷ்ரெக் விளக்க முயல, கழுதை அவனை முடிக்கவே விடாது. இருபது வருடம் ஒன்றாகக் குடியிருந்தவர்கள் சண்டை போடுவது போல இருக்கும். அந்தக் குறுக்கீடு ஒவ்வொன்றையும் பிறகு எடிட்டிங்கில் ஒட்டியிருக்கிறார்கள். மர்ஃபி எதிரில் இல்லாத ஒரு மனிதரை இடைமறித்திருக்கிறார். அந்தப் படத்துக்காகப் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த துணை நடிகர் பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. உடம்பு திரையில் வராத ஒருவருக்கு நடிப்புக்கான பரிந்துரை.

வெளியே வந்ததும் தேவதைத் தாயின் மருந்துக் கடை. கலர் கலராகக் குப்பிகள், உள்ளே சிறிய ராட்டினம். அவள் சுற்றிக்கொண்டிருந்தபோது நான் குப்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் படத்தில் இந்தத் தேவதைக்குப் பேசியவர், உச்சக்கட்டப் பாட்டையும் தானே பாடியவர், ஜெனிஃபர் சாண்டர்ஸ். அதே படத்தில் ஃபியோனாவின் அம்மா ஜூலி ஆண்ட்ரூஸ். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' ஜூலி ஆண்ட்ரூஸ். 1997இல் தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருடைய பாட்டுக் குரல் போய்விட்டது. பேச்சுக் குரல் மட்டும் மிச்சம். மூன்றாம் படத்தில் ராணி தலையால் முட்டிச் சுவரை இடித்துவிட்டு, கிறுகிறுத்துப்போய்த் தன் பழைய படப் பாட்டொன்றை முனகுவாள். தியேட்டரில் அந்த இடத்தில் சிரிப்பார்கள். எனக்கு அந்த முனகலை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கலாம் என்று இருக்கும்.

ஷ்ரெக் படங்களில் வரும் பூனைக்கு என்று தனியாக ஒரு தொங்கு ரயில், 2015இல் திறந்தது. பீன்ஸ் கொடி ஏறி ராட்சசனின் கோட்டைக்குப் போவதாகக் கதை. ஏறும்போது அவள் கேட்டாள், "பூனை சின்னது, ஏன் இவ்ளோ பெரிய வாய்ஸ்?" அன்டோனியோ பண்டேராஸ் கேட்டால் மகிழ்ந்துபோவார். ஹாலிவுட்டுக்கு வந்தபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. 1992இல் 'மாம்போ கிங்ஸ்' படத்தில் வசனங்களை ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார். தடையாக இருந்த அதே உச்சரிப்பைப் பின்னாளில் பூட்ஸ் போட்ட ஒரு பூனைக்குக் கொடுத்தார். அவர் 1998இல் நடித்த சோரோவின் வாள்வீச்சு, கர்வம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆங்கிலத்தோடு நிற்கவில்லை, ஸ்பெயினுக்கு ஒரு முறை, லத்தீன் அமெரிக்காவுக்கு ஒரு முறை என ஸ்பானிஷிலும் பூனைக்கு அவரே பேசினார்.

மற்ற நாடுகளில் இந்தப் பாத்திரங்கள் எந்த வாயில் போய்க் குடியேறின என்று பார்த்தால் எங்கள் தொழிலின் பெருமை தெரியும். ஜப்பானில் ஷ்ரெக்காகப் பேசியவர் 'டவுன்டவுன்' நகைச்சுவை இணையின் மாசதோஷி ஹமாடா. தோக்கியோ மொழியில் பேசாமல் தன் கான்சாய் வட்டாரப் பேச்சிலேயே பேசினார். சுத்தமான ஏட்டுத் தமிழுக்கு நடுவில் ஒருவன் நெல்லைத் தமிழில் வெடிப்பது மாதிரி. மெக்சிகோவில் கழுதை யூஹெனியோ டெர்பெஸ். போலந்தில் கழுதை யெர்ஷி ஸ்டூர், கீஷ்லோவ்ஸ்கி படங்களில் நடித்த மதிப்புக்குரிய நடிகர். அந்த ஊர்க்காரர்கள் மூலத்தைவிட அவரைத்தான் கொண்டாடுகிறார்கள். பிரான்சில் கழுதைக்குப் பேசிய மெத் ஹோண்டோ, மொரிட்டானியாவில் பிறந்த பெரிய திரைப்பட இயக்குநர். தன் படங்களுக்காக ஒரு பக்கம் போராடிக்கொண்டே, மறுபக்கம் எடி மர்ஃபியின் பிரெஞ்சுக் குரலாக இருந்தார். பிரேசிலில் முதல் இரண்டு படங்களுக்கு ஷ்ரெக்காக இருந்த புசுண்டா 2006இல் இறந்தார். இத்தனை தொண்டைகள் சேர்ந்துதான் ஒரு பச்சைப் பூதம்.

'டாங்கி லைவ்' அரங்கை நாங்கள் கடைசிக்கு வைத்திருந்தோம். சின்ன அரங்கு. மேடையில் ஓர் இளைஞர் வந்து அறிமுகம் சொன்னார். திரை விலகியது, அங்கே கழுதை. படத்தில் பார்த்த அதே சாம்பல் நிறக் கழுதை, கணினியில் வரைந்தது, திரையில் நிற்கிறது. பதிவு செய்த வீடியோ என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். கழுதை மூன்றாவது வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு அப்பாவைக் கூப்பிட்டு, அவர் போட்டிருந்த சட்டையின் நிறத்தைச் சொன்னதும் அரங்கு நிமிர்ந்தது.

மறைவில் எங்கோ ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மைக்கில் அவர் பேசப் பேசக் கழுதையின் வாய் அசைகிறது. எடி மர்ஃபி இல்லை. மர்ஃபியின் அடியொற்றிப் பேசும் ஒருவர். வீடியோ விளையாட்டுகளில் ஷ்ரெக்குக்கு மைக்கேல் காஃப், கழுதைக்கு மார்க் மோஸ்லி என்று வேறு ஆட்கள் பேசியிருக்கிறார்கள். உலகம் முழுக்க இப்படி ஒரு பாத்திரத்தைத் தூக்கிச் சுமப்பவர்கள் பல பேர். இவர்களின் வேலையைப் போலி செய்தல் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுதிய வசனத்துக்குப் போலி செய்யலாம். ஒரு குழந்தை என்ன பதில் சொல்லும் என்று தெரியாத இடத்தில் அந்த ஆளாகவே இருந்தால்தான் பேச முடியும்.

கழுதை எங்கள் பக்கம் திரும்பியது. மஞ்சள் கவுன் போட்ட பெண்ணே, உன் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டது. அக்கா மகள் எழுந்து நின்றாள். அவள் பெயரின் நடுவில் ழகரம் உண்டு. சொன்னாள்.

கழுதை திரும்பச் சொன்னது. ழ, ல ஆகிவிட்டது. சிங்கப்பூரில் பள்ளியில் பலர் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அவள் முன்பே சொல்லியிருக்கிறாள், வழக்கமாக விட்டுவிடுவாள். அன்று விடவில்லை. தலையை ஆட்டி, "நோ" என்றாள். கழுதை மறுபடி முயன்றது. இந்த முறை ர. கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை.

அந்த இடத்தில் கழுதை ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போயிருக்கலாம். நேரம் கணக்குப் பார்த்து நடக்கும் காட்சி. அடுத்த வரிசை வெளியே காத்திருக்கிறது. போகவில்லை. இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லு என்றது. அவள் சொன்னாள், ழ வரும் இடத்தில் நாக்கை மடித்து நிறுத்திக் காட்டினாள். அப்போது ஒலிபெருக்கியில் ஒரு விநாடிக்கும் குறைவான அமைதி. எனக்கு அந்த அமைதி நன்றாகத் தெரியும். மைக் திறந்திருக்கிறது, ஆள் பேசவில்லை, உதடு பிரியும் ஈரச் சத்தம் மட்டும் மெல்லியதாக விழுகிறது. நாக்கு உள்ளே இடம் தேடிக்கொண்டிருக்கிறது. திரையில் கழுதையின் கீழுதடு தொங்கியபடி நின்றது. அதன் கண்கள் எங்கேயோ பார்த்தன. பாத்திரம் ஒரு கணம் கழன்று, உள்ளே இருந்த மனிதர் வெளியே தெரிந்தார்.

பிறகு சொன்னார். முழு ழ என்று சொல்ல முடியாது. ஆனால் ல இல்லை, ர இல்லை. நாக்கு மடிந்திருந்தது.

அவள் இரண்டு கையையும் தூக்கிக் கைதட்டினாள். கூட்டமும் தட்டியது, எதற்கு என்று பாதிப் பேருக்குத் தெரியாமலே. கழுதை காதை ஆட்டிவிட்டு உடனே பழையபடி படபடவென்று பேசத் தொடங்கியது. அதன்பின் என்ன பாடியது, யாரை மேடைக்கு அழைத்தது என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை.

காட்சி முடிந்து எல்லோரும் வெளியேறியபின் நான் கதவோரம் கொஞ்சம் நின்று பார்த்தேன். பக்கவாட்டுக் கதவு எதுவும் திறக்கவில்லை. யாரும் வரவில்லை. உள்ளே அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். பதினைந்து நிமிடத்தில் அடுத்த கூட்டம். துப்புரவுப் பணியாளர் ஒருவர் துடைப்பத்தோடு வந்து எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். கிளம்பினோம்.

வெளியே ஷ்ரெக் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவள் இந்த முறை நிற்கவில்லை.

ஹார்பர்ஃபிரண்டில் ஏறி, டோபி காட்டில் சிவப்புத் தடத்துக்கு மாறினோம். அக்கா வீடு ஈசூனில். உட்கார இடம் கிடைத்ததும் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு நிறுத்தத்தில் கதவு திறந்தது. ஆங்கிலம், மண்டரின், மலாய் முடிந்து தமிழில் அறிவிப்பு வந்தது, இடைவெளியைப் பார்த்து இறங்கச் சொல்லி. தினமும் கேட்கிற குரல்தான். அவள் கண்ணைத் திறந்து கூரையில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தாள்.

"சித்தி, இந்த ஆன்ட்டி யாரு?"

"தெரியலையே."

"ஒரே தடவைல கரெக்டா சொல்லியிருப்பாங்களா?"

"இருக்காது. நாலஞ்சு டேக் போயிருக்கும்."

அடுத்த நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, தமிழ் வரும்வரை காத்திருந்தாள்.